கட்சி இல்லாத வாக்குச்சீட்டில் யாரைத் தெரிவு செய்வது? – வாசகர் கேள்வி பதில்

ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தல் 2026 ஒக்ரோபர் 26, திங்கட்கிழமை. அதைப் பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை ஒரு கட்டு சேர்ந்துவிட்டன, ஆகவே சமையல், விசா, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு மேயர் தேர்தலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அநேகமான கேள்விகள் 2023 இடைத்தேர்தலை ஒட்டியே வந்திருப்பதால் என் பதில்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அக்கா, 2023 ஜூனில் வாக்குச்சீட்டை விரித்துப் பார்த்தால் 102 பெயர்கள். கட்சியும் இல்லை, சின்னமும் இல்லை. ஊரில் என்றால் வீடு, சைக்கிள் என்று சின்னத்தைப் பார்த்துப் புள்ளடி போட்டுவிட்டு வருவோம். இங்கே ஏன் இப்படி? – மால்வேர்னிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, உங்களைப்போல எத்தனையோ பேர் அன்று தடுமாறினார்கள். ஒன்ராறியோவில் எந்த நகரசபைத் தேர்தலிலும் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் வராது. மாகாணத் தேர்தலுக்கும் மத்திய தேர்தலுக்கும் கட்சி உண்டு, நகரத்துக்கு மட்டும் இல்லை. இது நூறு வருடத்துக்கும் மேலான பழைய எண்ணம். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் நகரசபைகளைக் கட்சி முதலாளிகள் பிடித்து வைத்திருந்தார்கள், வேலை வேண்டுமா, ஒப்பந்தம் வேண்டுமா, கட்சிக்காரனிடம் போ என்ற நிலைமை. அதை உடைக்க வந்தவர்கள்தான் "வீதிக்கும் சாக்கடைக்கும் என்ன கட்சி?" என்று கேட்டார்கள். லொஸ் ஏஞ்சலஸ், ஹூஸ்டன், சிக்காகோ எல்லாமே இன்று கட்சிப் பெயர் இல்லாமல்தான் மேயரைத் தெரிவு செய்கின்றன. சிக்காகோ அந்த முறைக்கு வந்தது 1999இல்தான்.

கனடா முழுவதும் இப்படித்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். மொன்றியலில் நகரத்துக்கென்றே தனிக் கட்சிகள் இருக்கின்றன, வன்கூவரிலும் அப்படித்தான், 2022இல் கென் சிம் அங்கே ஏ.பி.சி. என்ற நகரக் கட்சியின் பெயரில்தான் வென்றார். ரொறன்ரோவிலும் ஒருமுறை முயன்று பார்த்தார்கள். 1969இல் லிபரல் கட்சி ஸ்டீபன் கிளார்க்சன் என்பவரை வெளிப்படையாகத் தன் மேயர் வேட்பாளராக நிறுத்தியது, அவர் மூன்றாவதாக வந்தார். ரொறன்ரோ மக்களுக்கு அது பிடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்சி இல்லை என்பது கண்துடைப்பு இல்லையா? ஒலிவியா சௌ என்.டி.பி., ஜோன் ரோரி கொன்சர்வேற்றிவ், இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. – எக்லிங்ரன் பக்கமிருந்து ஒரு வாசகர்

ஐயா, நீங்கள் சொல்வதில் பெரும்பங்கு உண்மை. 2023இல் மேயரான சௌ, 2006 முதல் 2014 வரை என்.டி.பி.யின், அதாவது புதிய ஜனநாயகக் கட்சியின், மத்திய நாடாளுமன்ற உறுப்பினர், அந்தக் கட்சியின் தலைவராக இருந்த ஜாக் லெய்ட்டனின் மனைவி. அவருக்கு முன் மேயராக இருந்த ரோரி மாகாண கொன்சர்வேற்றிவ் கட்சிக்கே தலைவராக இருந்தவர். 2023இல் போட்டியிட்ட மிட்ஸி ஹன்ரர் தன் லிபரல் மாகாண உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு வந்தார். முன்னாள் பொலிஸ் தலைமையதிகாரி மார்க் சாண்டர்ஸ் அதற்கு முந்தைய வருடம்தான் கொன்சர்வேற்றிவ் வேட்பாளராக நின்று தோற்றிருந்தார், ஒன்ராறியோ மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் அவருக்கு வெளிப்படையாகவே ஆதரவு கொடுத்தார். வீடு வீடாகப் போகிற தொண்டர்கள், தொலைபேசிப் பட்டியல், பணம் சேர்க்கத் தெரிந்த ஆட்கள், இவர்கள் எல்லாம் கட்சியிலிருந்துதான் வருகிறார்கள். அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நகரசபைக்குள் போனபிறகு கட்சிக் கொறடா என்று யாரும் இல்லை. மேயரோடு 25 உறுப்பினர்கள், ஒவ்வொரு விடயத்துக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாக்குப் போடுகிறார்கள். நேற்று உங்களோடு நின்றவர் இன்று எதிரே நிற்பார். மேயர் ஒவ்வொரு தடவையும் ஆட்களைப் பேசிப் பேசித்தான் சேர்க்க வேண்டும். 2023 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள்: என்.டி.பி.க்காரர் என்று சொல்லப்பட்ட சௌவும் கொன்சர்வேற்றிவ் முதல்வர் ஃபோர்ட்டும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தார்கள், கார்டினர் நெடுஞ்சாலையையும் டொன் வலி பார்க்வேயையும் மாகாணம் பொறுப்பேற்க ஒப்புக்கொண்டது, அதற்குப் பதிலாக ஒன்ராறியோ பிளேஸ் என்ற ஏரிக்கரைப் பூங்கா விவகாரத்தில் நகரம் இறங்கிப்போனது. அது சரியா பிழையா என்று இரண்டு பக்கமும் வாதம் நடந்தது. எனக்கு ஒன்ராறியோ பிளேஸை விட்டுக்கொடுத்தது இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் இரண்டு பேரும் கட்சிக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அப்படி ஒரு பேச்சு தொடங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொன்று. 2022இல் மாகாண அரசு 'வலுவான மேயர்' சட்டம் கொண்டுவந்தது. அதன்பிறகு வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பது மேயர்தான், மாகாணம் முக்கியம் என்று சொல்லும் சில விடயங்களில் சபையின் முடிவைத் தடுக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு, அதை மீற மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வேண்டும். ஆகவே மேயர் என்பது இப்போது ரிப்பன் வெட்டும் பதவி அல்ல, யார் அந்தக் கதிரையில் இருக்கிறார் என்பது முன்பைவிட நிறையக் கனமான கேள்வி.

102 பேர் என்பது கூத்து இல்லையா? ஒருவர் தன் நாய்க்காக நின்றார். கட்டுப்பணத்தைக் கூட்டினால் என்ன? – ஏஜின்கோர்ட்டிலிருந்து ஒரு வாசகி

மேயருக்கு நிற்க 200 டொலர் கட்டணமும் 25 வாக்காளர்களின் கையொப்பமும் போதும். தேர்தல் முடிந்து செலவுக் கணக்கை நேரத்துக்குக் கொடுத்தால் அந்த 200 டொலரும் திரும்பி வரும். மிகச் சுலபம்தான். கையொப்பத்தின் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆட்சேபனை இல்லை. பணத்தைக் கூட்டுவதில் மட்டும் உடன்பாடு இல்லை, ஏனென்றால் அது வீண்பேர்வழிகளை மறிக்காது, காசில்லாதவர்களைத்தான் மறிக்கும்.

நாய் விடயத்தைச் சொல்கிறேன். மோலி என்ற அந்த நாயின் பெயரைச் சொல்லி அவர் பேசியது பனிக்காலத்தில் வீதிகளில் அளவில்லாமல் கொட்டப்படும் உப்பைப் பற்றி. அந்த உப்பு நாயின் பாதத்தைப் புண்ணாக்குவது மட்டுமா? மாசி மாதம் உங்கள் வீட்டு வாசல் படியைப் பாருங்கள், சீமெந்து பொரிந்து பொரிந்து உதிர்ந்திருக்கும், சப்பாத்தில் வெள்ளைக் கோடு கோடாய் ஏறியிருக்கும், பனி உருகும்போது அவ்வளவும் வடிகாலில் இறங்கி ஏரிக்குத்தான் போகிறது. பெரிய வேட்பாளர்கள் வாய் திறக்காத ஒரு சங்கதியை அவர் பேசினார். 102 பெயர்களில் வெல்ல வராதவர்களே அதிகம், எங்கள் பிரச்சினையை யாராவது கேளுங்கள் என்று வந்தவர்கள் அவர்கள். அதற்கு ஒரு இடம் இருக்கத்தான் வேண்டும்.

37 வீத வாக்கோடு ஒருவர் மேயராகலாம் என்றால், மிச்ச 63 வீதத்தின் விருப்பம் என்னாவது? – மார்க்கம் வீதியிலிருந்து ஒரு வாசகர்

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஜோன் ரோரி 2023 பெப்ரவரியில் பதவி விலகினார், ஜூன் 26 இடைத்தேர்தல். சௌவுக்கு 37 வீதம், ஆனா பைலாவுக்கு 32 வீதம், சாண்டர்ஸுக்கு 9 வீதத்துக்குச் சற்றுக் குறைவு, அந்தனி ஃபியூரியும் ஜோஷ் மற்லோவும் ஆளுக்கு ஐந்து வீதமளவில். பிரசாரத்தின் கடைசி நாட்களில் சௌவை விரும்பாதவர்கள் எல்லாரும் ஒருவர் பின்னால் சேர வேண்டும் என்று பெரிய இழுபறி நடந்தது. ரோரியே பைலாவை ஆதரித்தார், முதல்வர் ஃபோர்ட்டோ சாண்டர்ஸ் பக்கம் நின்றார். அப்படிப் பிரிந்த வாக்குகள் பிரிந்தபடியே போயின.

இலங்கைக்காரருக்கு இதற்கு மருந்து என்னவென்று தெரியும். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வாக்குப் போடலாம் என்ற ஏற்பாடு அங்கே பல காலமாக இருக்கிறது. ஒருவரும் பாதிக்கு மேல் எடுக்காததால் 2024 செப்டம்பரில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பு வாக்குகளை எண்ணினார்கள், அநுர குமார திசாநாயக்க வென்றது அதற்குப் பிறகுதான். அதே மாதிரி ஒரு முறையை ஒன்ராறியோவிலும் நகரசபைகள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். 2018இல் லண்டன் நகரம், இங்கிலாந்து அல்ல, நமது ஒன்ராறியோ லண்டன், அதைப் பயன்படுத்தியது. அங்கே ஒரு குழப்பமும் நடக்கவில்லை. ஆனால் 2020 நவம்பரில் கொரோனாக் காலச் சட்டம் ஒன்றுக்குள் வைத்து மாகாண அரசு அந்த அனுமதியை எடுத்துவிட்டது. நகர மக்களிடம் கேட்கவும் இல்லை. எனக்கு இதில் ஒளிவுமறைவு இல்லை, அது தப்பு. கட்சி இல்லாத தேர்தலில்தான் விருப்பு வாக்கு மிகவும் தேவை, ஏனென்றால் கட்சிக்குள்ளேயே ஒருவரைத் தெரிவு செய்து, மற்றவர்களை விலக்கிவிட்டு வரும் வழி இங்கே கிடையாது, எல்லாரும் ஒரே சீட்டில் வந்து நிற்கிறார்கள். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒருவருக்கும் பாதி கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் இடையே இரண்டாவது சுற்று வைக்கிறார்கள், சிக்காகோவில் 2023இல் பிராண்டன் ஜோன்சன் அப்படித்தான் வந்தார், முதல் சுற்றில் அவர் இரண்டாவது ஆள். இங்கே அதுவும் இல்லை.

நான் இப்போது பக்கத்து நகரமான மார்க்கத்தில் வசிக்கிறேன். ரொறன்ரோவுக்குள் இருக்கிற ஸ்காபரோவில் ஒரு வீடு என் பெயரில் இருக்கிறது, வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ரொறன்ரோவில் வாக்கு உண்டா? – ஒரு வாசகர்

கனேடியக் குடியுரிமை இருந்து, வயது 18 ஆகியிருந்தால், உண்டு. உங்கள் மனைவிக்கும் உண்டு. மார்க்கத்தில் ஒரு வாக்கு, ரொறன்ரோவில் ஒரு வாக்கு, இரண்டும் சட்டப்படி சரி. மார்க்கத்தில் இணையத்திலேயே போட்டுவிடலாம், ரொறன்ரோவுக்குக் காகிதச் சீட்டுத்தான். வீடு கம்பனியின் பெயரில் இருந்தால் மட்டும் கிடையாது.

உங்கள் கேள்விக்கு வெளியே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) மட்டும் வைத்திருந்தால் அவருக்கு வாக்கு இல்லை. தினமும் அந்த பஸ்ஸில் ஏறுகிறவர் அவர், குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கிறவர் அவர், வரியும் வாடகைக்குள் அடங்கி அவர் கையிலிருந்துதான் போகிறது. பி.ஆர். உள்ளவர்களுக்கு நகரத் தேர்தலில் வாக்குக் கொடுங்கள் என்று 2013இல் ரொறன்ரோ நகரசபையே மாகாணத்திடம் கேட்டது. இன்னும் நடக்கவில்லை.

தமிழர் ஒருவர் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு அவருக்குப் போட வேண்டும் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – மோர்னிங்சைட் பக்கமிருந்து ஒரு வாசகி

தங்கச்சி, உங்கள் கணவரின் ஆசையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2006இல் லோகன் கணபதி மார்க்கம் நகரசபைக்குள் போனபோது எங்கள் வீட்டில் பால் பொங்காத குறை. 2017 பெப்ரவரியில் நீதன் சாண் ரொறன்ரோ நகரசபைக்குப் போன முதல் தமிழர் ஆனார். அடுத்த வருடமே, தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, 47 ஆக வரவிருந்த தொகுதிகளை மாகாண அரசு 25 ஆக வெட்டியது. தொகுதிகள் பெருத்தன, பழைய எல்லைகள் அழிந்தன, அவர் இருநூறுக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். அந்த வெட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லும் என்று முடிந்தது. 2023 நவம்பரில் பார்த்தி கந்தவேள், 2025 செப்டம்பரில் மீண்டும் நீதன் சாண் என்று இடைத்தேர்தல்களில் ஸ்காபரோவிலிருந்து வந்தார்கள். எங்கள் மொழியில் ஒரு குறையைச் சொல்ல ஓர் ஆள் உள்ளே இருப்பது சின்ன விடயம் அல்ல, அதை அனுபவித்தவருக்குத் தெரியும்.

ஆனால் கண்ணை ஏன் மூட வேண்டும்? திறந்து வைத்துக்கொண்டே போடலாமே. கட்சிப் பெயர் இல்லாத சீட்டில் பழகிய பெயர்தான் கட்சி மாதிரி ஆகிவிடுகிறது, பதவியில் இருப்பவர் திரும்பத் திரும்ப வெல்வதும் பிரபலமான குடும்பப் பெயருக்கு வாக்கு விழுவதும் அதனால்தான். எங்கள் பெயர் என்பதும் அந்த வகையில் சேர்ந்துவிடக்கூடாது. தமிழ் வேட்பாளரிடம் மற்றவர்களிடம் கேட்கும் கேள்வியையே கேளுங்கள், நல்ல ஆள் என்றால் அதில் அவருக்குப் பெருமைதான்.

கேள்வி கேளுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்ன கேட்பது? கோயில் திருவிழாவுக்கு வேட்டி கட்டி வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். – ஒரு வாசகர்

வேட்டி கட்டி வருவதில் பிழை இல்லை, வரட்டும். வந்தவரை ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்துக் கேளுங்கள்.

ஏற்கெனவே நகரசபையில் இருந்தவர் என்றால் அவரிடம் கேட்கவே தேவையில்லை, அவர் போட்ட ஒவ்வொரு வாக்கும் நகரசபையின் இணையத்தளத்தில் பதிவாகி இருக்கிறது. பஸ் சேவையைக் குறைக்கும்போது கை உயர்த்தினாரா, நூலக நேரத்தைக் கூட்டும்போது எதிர்த்தாரா என்று பார்த்துவிடலாம். பேரப்பிள்ளையிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள்.

புதியவர் என்றால் அவர் தரும் வாக்குறுதி மேயரின் கையில் இருக்கிற வேலையா என்று முதலில் பாருங்கள். ரி.ரி.சி. என்ற பஸ், ரயில் சேவை, குப்பை, தண்ணீர், பூங்கா, நூலகம், தங்குமிடங்கள், பொலிஸுக்கான பணம் – இவை நகரத்தின் வேலை. ஆஸ்பத்திரி மாகாணத்துடையது, குடிவரவு மத்திய அரசுடையது. விசா எடுத்துத் தருவேன் என்று ஒரு மேயர் வேட்பாளர் சொன்னால் அந்தத் துண்டுப்பிரசுரத்தை அங்கேயே மடித்துக் கொடுத்துவிடலாம்.

அப்புறம் வரி. 2023 பிரசாரத்தில் வீட்டு வரியை எத்தனை வீதம் கூட்டுவீர்கள் என்று சௌவிடம் எத்தனையோ தடவை கேட்டார்கள், அவர் இலக்கம் சொல்லவில்லை. 2024இல் 9.5 வீதம் கூடியது. ஏறத்தாழ 1.8 பில்லியன் டொலர் ஓட்டையோடு அவர் பொறுப்பேற்றார், வேறு வழி குறைவு என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். என்றாலும் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவருக்கு அந்த இலக்கத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. மற்றப் பக்கம், வரியைக் கூட்டவே மாட்டேன் என்று சொன்னவர்களிடம் எந்தச் சேவையை நிறுத்துவீர்கள் என்று கேட்டால் பதில் வரவில்லை. இரண்டு பேரிடமும் இலக்கத்தைக் கேளுங்கள், வாய்விட்டுச் சொல்லும்வரை விடாதீர்கள்.

ஸ்காபரோக்காரர் என்றால் பஸ்ஸைப் பற்றியும் கேட்க வேண்டும். 2023 ஜூலை 24 அன்று எங்கள் ஆர்.டி. ரயில் தடம் புரண்டது, பிறகு ஓடவே இல்லை. கெனடி நிலையத்தில் தை மாதக் காற்றில் பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையை ஒருமுறை போய்ப் பாருங்கள், கையுறைக்குள் விரலை மடக்கிக்கொண்டு, வேலை முடிந்து வரும் பெண்கள், பையில் சாப்பாட்டுப் பெட்டி, பஸ் வந்தால் நிறைந்து வருகிறது. எனக்கு வாக்குக் கேட்டு வருகிறவர் அந்த வரிசையில் ஒரு நாள் நின்றாரா என்பதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

விருப்பமான வேட்பாளருக்குக் கடையின் பெயரில் ஒரு காசோலை கொடுக்கலாமா? – ஒரு வியாபாரி

கூடாது. கம்பனியும் தொழிற்சங்கமும் கொடுக்க முடியாது. ஒன்ராறியோவில் வசிக்கும் தனி ஆள் தன் சொந்தப் பணத்தில் ரொறன்ரோ மேயர் வேட்பாளருக்கு 2,500 டொலர் வரை கொடுக்கலாம். 25 டொலருக்கு மேல் காசாகக் கொடுக்கவும் கூடாது. ரசீதை வைத்திருங்கள், ஒரு பகுதியை நகரசபை திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது.

அம்மாவுக்கு 78 வயது, ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. வாக்குப் போட ஆசைப்படுகிறார். கூடவே போகலாமா? – ரூஜ் பக்கமிருந்து ஒரு வாசகர்

தாராளமாகப் போகலாம். உதவிக்கு ஓர் ஆளை மறைப்புக்குள் கூட்டிப்போக அனுமதி உண்டு, நீங்கள் அங்கே அவர் சொன்னபடியே செய்வேன், வெளியே சொல்லமாட்டேன் என்று ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

2023இல் நான் என் அம்மாவோடு அப்படித்தான் போனேன். ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபம், கூடைப்பந்து வளையத்தின் கீழே மேசை. அந்த நீளச் சீட்டை அம்மா சாப்பாட்டு மேசை விரிப்புப்போல இரண்டு கையாலும் நீவி விரித்தார். பெயர்கள் குடும்பப் பெயரின் எழுத்து வரிசையில் இருந்தன, நான் மெதுவாக வாசித்துக்கொண்டே போனேன், அவர் "இல்லை, இல்லை" என்று தலையாட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் விரலை ஊன்றினார். பேனாவை எடுத்துப் புள்ளடி போடப் போனவரை நான்தான் மறித்தேன், இங்கே பெயருக்குப் பக்கத்து வட்டத்தை முழுவதுமாகக் கறுப்பாக்க வேண்டும். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நாக்கைக் கடித்துக்கொண்டு விளிம்பு தாண்டாமல் நிரப்பினார், இயந்திரம் சீட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

உங்கள் அம்மாவுக்கும் முதலே வீட்டில் ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் கீறிக் காட்டிவிடுங்கள். பெயரும் ரொறன்ரோ முகவரியும் உள்ள அடையாளம் ஒன்று வேண்டும், படம் இருக்க வேண்டிய அவசியமில்லை. வாசிப்புக் கண்ணாடியையும் எடுத்துப் போங்கள்.